அரக்கன் அழுதா நமக்கு ஏன் வலிக்குது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல சீன காதல் டிராமா பத்தி ஒரு ஓரமா நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்களே ஒரு பக்கத்துக்கு மேல போயிடுச்சு, அதனால இந்த தடவ வேற எதையும் எடுக்கல. முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், கதையோட முடிவு வரைக்கும் பேசப்போறேன், இன்னும் பாக்காதவங்க டிராமா பேரப் பாத்ததும் அந்தப் பதிலத் தாண்டிப் போயிடுங்க.

கேள்வி: 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' மூணு தடவ பாத்துட்டேன். ஹீரோ டோங்ஃபாங் சிங்ஸாங் பேரச் சொன்னாலே மூணு உலகமும் நடுங்குது. பக்கத்துலயே சாங்ஹெங்னு ஒரு தங்கமான பையன் இருக்கான். அப்படி இருந்தும் மனசு அந்த அரக்கன் பின்னாடிதான் போகுது. எனக்கு மட்டும்தான் இப்படியா? (ஈரோடு வாசகி)

உங்களுக்கு மட்டும் இல்லங்க, எனக்கும் அப்படித்தான். 2022ல வந்த டிராமா, 36 எபிசோட். அதுல அவன் ஆரம்பிக்கிற எடத்த நல்லா பாருங்க. 30,000 வருஷம் ஒரு கோபுரத்துல அடைபட்டுக் கெடந்தவன், மனசுல கோவம், துக்கம், ஆசை எதுவுமே கெடையாது, ஏன்னா சின்ன வயசுலயே அவன் அப்பா அதெல்லாத்தையும் வேரோட புடுங்கி எறிஞ்சுட்டாரு, உணர்ச்சி இருக்கிறவனால நரக நெருப்புங்கிற சக்திய ஆள முடியாது, இனத்தக் காப்பாத்த ஒரு ஆயுதம் வேணும், பெத்த புள்ளையவே ஆயுதமாக்கிட்டாரு. இத டிராமால அவன் மனசுக்குள்ள நிக்கிற ஒரு பட்ட மரமா காட்டுவாங்க, ஒரு இலை இருக்காது.

அப்புறம்தான் அவனையும் ஹீரோயின் ஆர்க்கிட்டையும் பிணைக்கிற அந்த மந்திரக் கட்டு. ஆர்க்கிட்டுக்கு அடிபட்டா இவனுக்கு வலிக்கும், அவ மனசு நொந்தா இவனுக்கும் நோகும். அவ எங்கயோ உக்காந்து அழுவுறா, இங்க இவன் கன்னத்துல தண்ணி வழியுது, அது என்னன்னே அவனுக்குத் தெரியல, யாரோ தன் மேல ஏதோ ஏவி விட்ட மாதிரி கோவப்படறான். அவள அவன் முதல்ல பாதுகாக்குறது சுத்த சுயநலம், அவ அழுதா இவனுக்கு வலிக்குதே, அந்த தொல்லை வேண்டாம்னுதான். இந்த சுயநலம் எந்த எபிசோட்ல அக்கறையா மாறுச்சு, அக்கறை எந்த எபிசோட்ல பாசமாச்சுன்னு நம்மால விரல் வெச்சுக் காட்ட முடியாது, ஆனா பட்ட மரம் துளிர்க்கும்போது நாம அங்கதான் இருந்தோம், கூடவே இருந்து பாத்தோம். ஒருத்தன் ஒவ்வொரு உணர்ச்சியா முதல் முறையா கத்துக்கிறத பக்கத்துல இருந்து பாத்துட்டா அவன விடவே முடியாதுங்க. புள்ள முதல் முதலா நடக்குறதப் பாத்தவங்களுக்கு இது புரியும்.

சாங்ஹெங் நல்லவன்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நல்லது எதுன்னு அவனுக்கு முன்னாடியே யாரோ எழுதி வெச்சுட்டாங்க, சட்டம் சொல்லுது, அவன் செய்யறான், சட்டம் ஒரு பக்கமும் அவ ஒரு பக்கமும் நிக்கும்போது தயங்குறான். டோங்ஃபாங் சிங்ஸாங்குக்கு எழுதி வெச்ச ஏடு எதுவும் இல்ல. அவன் இனத்து வீரங்க 1,00,000 பேர் முத்திரை போட்டு அடைபட்டுக் கெடக்கறாங்க, அவங்கள விடுவிக்க ஆர்க்கிட்டோட உயிர்ச்சக்தி வேணும், அவளக் காப்பாத்தினா தன்ன நம்பின படைக்குத் துரோகம், படைய மீட்டா அவளுக்குத் துரோகம். இதுல எந்தப் பக்கம் போனாலும் கை அழுக்காகும்னு தெரிஞ்சே அவன் முடிவெடுக்கறான், நல்லவன் ஒருத்தன் நல்லது செய்யறதுல இந்த நடுக்கம் இருக்காது.

கேள்வி: எல்லாம் சும்மா, ஹீரோ அழகா இருக்கான், அதான் கொலை பண்ணாலும் மன்னிக்கிறீங்கன்னு என் ரூம்மேட் சண்டை போடறா. என்ன பதில் சொல்ல? (திருச்சி, கல்லூரி மாணவி)

அழகு உதவுதும்மா, அத மறுக்கக் கூடாது. ஆனா உங்க ரூம்மேட்கிட்ட 2024ல வந்த 'தி டபுள்' பத்திக் கேளுங்க. அதுல ஷென் யூரோங்னு ஒருத்தன், பாக்க லட்சணமா இருப்பான், தேர்வுல முதலா வந்த பெரிய படிப்பாளி, முதல் எபிசோட்லயே சொந்தப் பொண்டாட்டிய உயிரோட குழி தோண்டிப் பொதைக்கறான். அவனுக்கும் டிராமால ஒரு காரணம் குடுத்துருக்காங்க, ஒரு இளவரசி அவன் மேல ஆசைப்பட்டு அவன நெருக்குறா, மறுத்தா குடும்பமே காலி. அழுவுறான், புழுங்குறான், தூங்க மாட்டேங்குறான். ஆனா அவன மன்னிக்கணும்னு நெனச்ச ஒருத்தரக் கூட நான் பாத்ததில்ல. ஏன்னா அவன் பயந்தது உண்மை, ஆனா ஒவ்வொரு தடவையும் விலைய வேற யாரோதான் குடுக்கறாங்க, அவன் பதவி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு.

அவன் பக்கத்துல 2023ல வந்த 'டில் தி எண்ட் ஆஃப் தி மூன்' டான்டாய் ஜின்ன வெச்சுப் பாருங்க. பகை நாட்டுல பணயக் கைதியா வளந்த இளவரசன், ஒழுங்கா சோறு போடக் கூட ஆள் இல்ல, எல்லாரும் மிதிக்கறாங்க, காக்காங்கள ஏவி உளவு பாக்கறான், அவனுக்கும் அன்புன்னா என்னன்னு தெரியாது, மத்தவங்க முகத்தப் பாத்து எப்போ சிரிக்கணும் எப்போ வருத்தமா இருக்கணும்னு காப்பி அடிச்சுக் கத்துக்கறான். அவன் செய்யற கொடுமைங்க சின்னது கெடையாது. ஆனா ஒவ்வொண்ணும் அவன் தலையிலயே திரும்பி வந்து விழுது, கடைசில அவ செத்த பிறகு பேய்ங்க அழுவுற ஒரு ஆத்துல எறங்கி 500 வருஷம் அவ உயிரத் தேடறான். அந்த வேஷத்த லுவோ யுன்ஷி பண்ணாரு, அவர் பாலே நடனம் படிச்சவரு, கைதி இளவரசனா இருக்கும்போது ஒரு ஒடம்பு, ராஜாவா வரும்போது வேற ஒடம்பு, தோளும் கழுத்தும் மட்டுமே கதை சொல்லும். அத அழகுன்னு ஒரு வார்த்தைல முடிச்சுடறது அந்த உழைப்புக்குச் செய்யற அநியாயம்.

இன்னொண்ணும் சொல்லணும், இந்தக் கதைல ஹீரோயின் லி சூசூவும் சுத்தமானவ கெடையாது. எதிர்காலத்துல அவன் பெரிய அசுரனாகி உலகத்த அழிச்சுட்டான், அதத் தடுக்க 500 வருஷம் பின்னாடி வந்துருக்கா, அவன் ஒடம்புல இருக்கிற தீய எலும்ப எடுக்கணும்னா அவன் இவள நம்பணும், அதனால அன்பா இருக்கிற மாதிரி இருக்கா. வாழ்க்கைல முதல் தடவையா ஒருத்தி நம்ம மேல அக்கறையா இருக்கான்னு அவன் நெனைக்கிற அந்த நேரத்துல, அவ அந்த எலும்ப எடுக்கறதுக்கான ஆணிய மறைச்சு வெச்சுக்கிட்டு நிக்கறான்னு நமக்கு மட்டும் தெரியும். யாரு பக்கம் நிப்பீங்க? எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

கேள்வி: என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. நாள் பூரா இந்த சீன டிராமாதான். அதுல ஹீரோ கையப் புடிச்சு இழுக்கறான், மிரட்டறான், அடைச்சு வெக்கறான், இவ அதப் பாத்து உருகுறா. இதுதான் காதல்னு மனசுல பதிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு. (மதுரை வாசகி)

உங்க பயம் நியாயமானது. டிராமா புடிக்கும்ங்கிறதுக்காக இத நான் லேசா எடுத்துக்க மாட்டேன். இந்த வகைல நெறைய குப்பை இருக்கு, ஹீரோ என்ன செஞ்சாலும் பின்னணில ஒரு மெல்லிசான பாட்டு போட்டு, ஸ்லோமோஷன்ல காட்டி, அவனுக்கு சின்ன வயசுல ஒரு சோகம்னு ரெண்டு நிமிஷம் ஃபிளாஷ்பேக் வெச்சு முடிச்சுடுவாங்க. காரணம் சொல்லிட்டா மன்னிப்பும் வந்துடணும்ங்கிற மாதிரி. காரணம் வேற, மன்னிப்பு வேறங்க. இத ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பாத டிராமாதான் எனக்கு நல்ல டிராமா.

சீன ரசிகர்கள் நடுவுல ஒரு சொல்வழக்கு இருக்கு, தமிழ்ல சொன்னா 'பொண்டாட்டியத் துரத்துற சுடுகாடு'. அவ கூட இருக்கும்போது மதிக்காம நடந்துக்கிட்டவன், அவ போன பிறகு அவ பின்னாடி ஓடி ஓடி வெந்து சாம்பலாகுற கதைக்கு அந்தப் பேரு. பேரே எவ்வளவு கறாரா இருக்கு பாருங்க, அவன் எரிஞ்சே ஆகணும்னு பாக்கறவங்க கேக்கறாங்க. 2017ல வந்த 'எடர்னல் லவ்'ல ஹீரோ யேஹுவா ஹீரோயினக் காப்பாத்தறதா நெனச்சு அவ கண்ணையே எடுத்து இன்னொருத்திக்குக் குடுக்கறான், அந்த எபிசோட நான் பாதில நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டேன், பின்னால ஞாபகம் திரும்பி வந்ததும் அவ நேரா போய் தன் கண்ண தானே திருப்பி வாங்கிக்கிறா. அந்த சீன் இல்லன்னா அந்தக் கதைய நான் தொட்டிருக்க மாட்டேன்.

உங்க பொண்ணோட சேந்து ஒண்ணு பாருங்க, 2019ல வந்த 'குட்பை மை ப்ரின்சஸ்'. லி செங்யின்னு ஒரு இளவரசன் டீ வியாபாரி வேஷத்துல ஷிஜோவ் நாட்டுக்கு வந்து ஷியாவ்ஃபெங்னு ஒரு பொண்ணு மனசுல எடம் புடிக்கறான், அவ கேட்டான்னு 100 மின்மினிப் பூச்சி புடிச்சுக் குடுக்கறான். அந்த மின்மினி சீன்ல நமக்கே அவன் மேல ஆசை வந்துடும், அவ்வளவு அழகா எடுத்துருப்பாங்க. கல்யாணத்தன்னிக்கு அவன் படை வந்து எறங்குது, அவ தாத்தா செத்துப் போறாரு, மொத்தக் குலமும் அழியுது. அவன் காதலும் பொய் கெடையாது, துரோகமும் பொய் கெடையாது, அவ மறதி ஆத்துல குதிச்சப்ப அவனும் பின்னாடியே குதிக்கறான். ஆனா டிராமா அவன மன்னிக்க மாட்டேங்குது. அவனுக்கு அரியணை கெடைக்குது, அவ கெடைக்கல. எல்லையில ரெண்டு படைக்கு நடுவுல நின்னு அவ தன் உயிர விட்டுப் போரத் தடுக்கறா.

அதே மாதிரி 'லவ் லைக் தி கேலக்ஸி'யும். செங் ஷாவ்ஷாங்க பெத்தவங்க கைக்குழந்தையா விட்டுட்டு போர்க்களத்துக்குப் போயிட்டாங்க, அதனால அவளுக்கு விட்டுட்டுப் போறதுதான் உலகத்துலயே பெரிய காயம். அவ கட்டிக்கப் போற லிங் பூயி, கல்யாணம் நெருங்குற நேரத்துல குடும்பப் பழி தீக்கக் கெளம்பிப் போயிடறான். அவன் பழிக்கு நியாயம் இருக்கு, அவளுக்கும் தெரியும், இருந்தும் அஞ்சு வருஷம் அவன் பக்கம் திரும்பல. உன் காரணம் எனக்குப் புரியுது, ஆனா நீ என்ன விட்டுட்டுப் போனன்னு ஒரு பொண்ணு நின்னு சொல்ற கதை அது, உங்க பொண்ணு கேக்க வேண்டிய கதையும் கூட.

ஃபோன எடுத்து ஒளிச்சு வெக்காதீங்க, பக்கத்துல உக்காருங்க. 'இவன் இப்ப செஞ்சானே, அதுக்கு யாரு விலை குடுக்கறா?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. புள்ளைங்க நாம நெனைக்கிறத விட கூர்மையா பதில் சொல்லும். இன்னொண்ணு, 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' ஹீரோ டிலன் வாங் 2018ல 'மீட்டியோர் கார்டன்'ல பணத்திமிர் புடிச்ச பையனா வந்தவருதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கையப் புடிச்சு இழுக்கறது எங்க, அவ கேக்கறத நின்னு கேக்கறது எங்கன்னு அவளையே பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்க.

கேள்வி: கெட்டவனா இருந்து திருந்துறது எல்லாம் ஆம்பளைங்களுக்கு மட்டும்தானா? பொண்ணுங்க எப்பவும் வெள்ளை மனசு, அப்பாவி, தடுக்கி விழுறவங்க. கடுப்பா இருக்கு. (சேலம் வாசகி)

அப்படின்னா நீங்க 'ஸ்டோரி ஆஃப் குன்னிங் பேலஸ்' பாக்கணும். 2023, 38 எபிசோட். ஜியாங் ஷுவேநிங் போன ஜென்மத்துல மகாராணி ஆகணும்னு கிட்ட வந்த எல்லாரையும் படிக்கட்டா மிதிச்சு ஏறினவ. ஜாங் ஜேன்னு ஒரு நேர்மையான அதிகாரி, அவளுக்காக சட்டத்த வளைச்சு ஜெயிலுக்குப் போயிட்டான். அவளும் செத்துப் போயி, திரும்ப 18 வயசுல கண்ணு முழிக்கிறா. மத்த கதைல மறுபிறவின்னா பழிவாங்க வருவாங்க, இவ கடன் தீக்க வர்றா, அதுதான் எனக்கு இதுல உசுரு. ஜாங் ஜேவத் தூரத்துல பாத்தாலே அவளுக்கு மூச்சு முட்டுது, ஏன்னா அவ செஞ்சது அவளுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு, அவனுக்கு அது நடக்கவே இல்ல, மன்னிப்பு கேக்கக் கூட ஆள் இல்லாத ஒரு குற்ற உணர்ச்சி. திரும்பி வந்ததும் உடனே தேவதையாயிடறதும் இல்ல, பயந்தாங்கொள்ளியா இருக்கா, தப்பிச்சு ஓடப் பாக்கறா, பழைய தந்திரம் எல்லாம் கை தானா செய்யுது.

அவளுக்கு வீணை மாதிரி ஒரு தந்தி வாத்தியம் சொல்லிக் குடுக்கற குரு ஷியே வேய் இன்னும் பயங்கரமான ஆளு. சின்ன வயசுல பட்டத்து இளவரசனுக்குப் பதிலா கலகக்காரங்க கைல ஒப்படைக்கப்பட்ட புள்ள, கூட இருந்த 300 குழந்தைங்க செத்துப் பனியில பொதைஞ்சு கெடந்ததப் பாத்தவன். அதனால பனி விழுந்தாலே அவனுக்கு ஆகாது. இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நல்லவங்கன்னு நம்பவே இல்ல, உன் அழுக்கு எனக்குத் தெரியும், என் அழுக்கு உனக்குத் தெரியும், அதுக்கப்புறமும் இருக்கியான்னு கேக்கற காதல் அது. கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவங்க இந்த டிராமாவ ஏன் விடாம பாக்கறாங்கன்னு எனக்குப் புரியுது.

கேள்வி: பி.ஈ., ஹெச்.ஈ.ன்னு ஏதோ சொல்றாங்களே, என்னங்க அது? (வேலூர் வாசகர்)

சோக முடிவு, சந்தோஷ முடிவு. சீன ரசிகர்களே அந்த இங்கிலீஷ் எழுத்துங்களத்தான் சொல்றாங்க. நல்ல மனசுக்காரன் அடிபட்டு அடிபட்டு ஒரு நாள் இருண்டு போறதுக்கு 'ஹெய்ஹுவா'ன்னு பேரு, கருத்துப் போறதுன்னு அர்த்தம், அந்த எபிசோட்ல டிரெஸ் கலரும் தலை அலங்காரமும் மாறும், கவனிச்சுப் பாருங்க.

கேள்வி: சீனாவுல சென்சார் அவ்வளவு கறார்னு சொல்றாங்க, அப்புறம் எப்படி இந்த மாதிரி ஹீரோக்கள விடறாங்க? (கோவை வாசகர்)

கறார்தான். 2018ல 'ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்' வந்துச்சு, அக்கா சாவுக்குக் காரணம் தேடி அரண்மனைக்குத் தையல்காரியா நொழையுற வேய் யிங்லுவோ கதை, அறைஞ்சா திருப்பி அறையுற ஹீரோயின், பெரிய ஹிட்டு. 2019 ஜனவரில பெய்ஜிங் அரசு பத்திரிகைல அரண்மனை டிராமாங்க சமூகத்துக்குக் கெடுதல்னு கட்டுரை வந்த கையோட டிவி சேனல்ங்க மறு ஒளிபரப்ப நிறுத்திட்டாங்க. 2020 பிப்ரவரில அரசு தரப்புல 40 எபிசோடுக்கு மேல போகாதீங்கன்னு சொல்லிட்டாங்க.

இந்த நெருக்கடிதான் கதைங்கள தேவலோகத்துக்கும் இல்லாத ராஜ்யத்துக்கும் தள்ளி விட்டுச்சுன்னு நெனைக்கிறேன், நெஜ சரித்திர ராஜாவக் கெட்டவனாக் காட்டினா வம்பு, பேரு தெரியாத ஒரு நாட்டு ராஜா எவ்வளவு கெட்டவனா இருந்தாலும் பரவால்ல. இன்னொரு பக்கம், தப்பு செஞ்சவன் தண்டனை இல்லாம போகக் கூடாதுங்கிற நெருக்கடி எழுதுறவங்களுக்கு இருக்கறதால, ஹீரோவா இருந்தாலும் கணக்கு தீத்தே ஆகணும். ஆனா அந்த 40 எபிசோட் கட்டுப்பாட்டுல எனக்கு வருத்தம் உண்டு, அதுல அடிபட்டது பக்கத்து கதாபாத்திரங்கதான். ஹீரோ ஹீரோயினுக்கு நேரம் கெடைச்சுடுச்சு, ஓரத்துல நிக்கறவங்க மனசத் தொறந்து காட்ட நேரம் பத்தல. அத அடுத்த பதில்ல சொல்றேன்.

கேள்வி: எனக்கு வயசு 61. பேத்தி புண்ணியத்துல 'எம்ப்ரசஸ் இன் தி பேலஸ்' முழுசா பாத்து முடிச்சேன். ராஜாவோட சின்ன ராணி ஹுவா ஃபேய் செஞ்ச அநியாயத்துக்கு எல்லாம் அவளத் திட்டிக்கிட்டே இருந்தேன், அவ சாகும்போது தேம்பித் தேம்பி அழுதுட்டேன். அப்புறம் ஹீரோயின் ஜென் ஹுவான் ஜெயிச்சப்ப எனக்கு சந்தோஷமே வரல. ஏன்மா இப்படி? (தஞ்சாவூர் வாசகி)

அம்மா, நீங்க சரியாத்தான் பாத்துருக்கீங்க. 2011ல வந்தது, 76 எபிசோட், 2020ல அந்தக் கட்டுப்பாடு வந்த பிறகு இந்த நீளத்துக்கு எடுக்கறதே கஷ்டமாயிடுச்சு.

ஹுவா ஃபேய் அறைய நெனச்சுப் பாருங்க. ராஜா அவளுக்குன்னே தனியா குடுத்த ஊதுவத்தி வாசனை, வேற யாருக்கும் இல்லாதது, அதத்தான் அவ தன் மேல அவருக்கு இருக்கிற பிரியத்துக்கு சாட்சியா நெனச்சு வருஷக்கணக்கா பொகை போட்டுக்கிட்டு இருந்தா. அதுல கஸ்தூரி கலந்துருக்கு, அவளுக்குக் குழந்தை தங்கக் கூடாதுன்னு. அவ அண்ணன் பெரிய தளபதி, அந்தக் குடும்பத்து ரத்தத்துல ஒரு இளவரசன் பொறந்துடக் கூடாதுன்னு ராஜாவே போட்ட திட்டம். எல்லாம் இழந்து நிக்கும்போது ஜென் ஹுவான் வாயால அத அவ கேக்கறா. அவ அடுத்தவங்க குழந்தைய அழிச்சதுக்கு எல்லாம் அடியில அந்த ஏக்கம்தான் இருந்துச்சு, அதுக்காக அவ செஞ்சது சரியாயிடாது, ஆனா சுவத்துல தலைய மோதிக்கிட்டு அவ விழும்போது நாம யாரத் திட்டறதுன்னே தெரியாம நிக்கறோம். ஜென் ஹுவான் ஜெயிச்ச எடமும் அதே அரண்மனைதானே, அவ நேசிச்சவன் செத்துட்டான், தோழி செத்துட்டா, அவ யார எதுத்து நின்னாளோ அவங்க வித்தையத்தான் கத்துக்கிட்டு அந்த எடத்துல உக்காந்துருக்கா. உங்களுக்கு சந்தோஷம் வராததுதான் டிராமாவுக்கு வேணும்.

ஒண்ணு கேக்கட்டுமா, ஜிங் ஃபேய்னு இன்னொரு ராணி ஞாபகம் இருக்கா? அமைதியா, யாருக்கும் கெடுதல் நெனைக்காம, ஒரு ஓரமா இருப்பாங்களே. ஜென் ஹுவான் கோயிலுக்குப் போனப்ப அவ குழந்தைய வளத்தவங்க. அவ திரும்பி வந்ததும், எங்க புள்ளையத் திருப்பிக் கேட்டுடுவாளோன்னு அந்த நல்ல பொம்பளைக்கே மனசு தடுமாறுது, தப்பான பக்கம் ஒரு அடி எடுத்து வெச்சுடறாங்க. அப்ப எனக்குக் கோவமே வரல, ஏன்னா அதுக்கு ரொம்ப முன்னாடி, குழந்தை வர்றதுக்கு எல்லாம் முன்னாடி, அவங்க ஒரு தடவ ரொம்ப சாதாரணமா தன் அரண்மனையப் பத்தி சொல்லியிருப்பாங்க. ராத்திரி தூக்கம் வராம, யாரும் வராத அந்த எடத்துல தரைக்கல்ல எண்ணுவாங்களாம். மொத்தம் 326 கல்லு, அதுல 31ல விரிசல்.